ராட்ஜர்ஸ் மடக்குக்கத்தி: துடைத்ததும் துடைக்காமல் விட்டதும்

மூடிய நிலையில் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே முனையில் இரண்டு அலகுகள். பெரியதன் கூர் நேர்கோடாக ஓடுகிறது, முதுகு மட்டும் நுனியில் வளைந்து இறங்குகிறது. சின்னது பென்சில் சீவுகிற அளவு. கருப்பு எருமைக் கொம்பில் பிடி, உள்ளே பித்தளைத் தகடுகள், தலைப்பக்கம், அலகு பிடியோடு சேரும் இடத்தில், ஜெர்மன் சில்வர் உலோகக் காப்பு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளும் ஸ்பேனர்களும் குவிந்திருந்த ஒரு விரிப்பில் கிடந்தது. சின்ன அலகு திறக்கவே இல்லை. பெரியது திறந்தது, ஆனால் பக்கவாட்டில் ஆடியது. அலகின் அடியில், துருவுக்கு நடுவே, ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் மங்கலாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1764இல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களுக்கென்று 1624இலேயே சட்டப்படி ஒரு சங்கம் அமைந்துவிட்டது. யாருக்கு எந்த முத்திரை என்பதைப் பதிந்து காப்பது அதன் முக்கியமான வேலை. ராட்ஜர்ஸ் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்குக் கத்தி கொடுக்கும் உரிமையைப் பெற்றது. அதே ஆண்டைக் குறிக்க 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, ஆண்டுக்கு ஓர் அலகு சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட இன்னொரு பிரமாண்டமான கத்தியும் செய்தார்கள். என் கையில் இருப்பது அந்த ரகம் இல்லை. விவசாயியோ குமாஸ்தாவோ பையில் போட்டுக்கொண்டு திரிந்த சாதாரணக் கத்தி. என்னைப் பொறுத்தவரை சேகரிக்க வேண்டியது இதைத்தான். கண்காட்சிக் கத்தி யாருடைய கயிற்றையும் அறுத்ததில்லை.

பெயரை மட்டும் நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராட்ஜர்ஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் இந்த ராட்ஜர்ஸ் அல்ல. வில்லியம் ராட்ஜர்ஸ் என்ற பெயரும் ‘ஐ கட் மை வே’ என்ற வாசகமும் பொறித்து வருபவை ஜான் கிளார்க் என்ற வேறொரு ஷெஃபீல்டு நிறுவனத்தின் கத்திகள். அவையும் நல்ல கத்திகள்தான். ஆனால் விலை வேறு, வரலாறு வேறு.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் முத்திரையைப் படிக்க வேண்டும். மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது, ஏனென்றால் கத்தியை எவ்வளவு தூரம் துடைக்கலாம் என்பதை முத்திரைதான் சொல்லும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் ஒரு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, அதன் முனையால் எழுத்து எழுத்தாகக் கிளறினேன். மூங்கில் எஃகைக் கீறாது, ஊறிய துருவை மட்டும் பெயர்த்துவிடும். எமரித் தாள் போட்டால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பு வந்திருக்கும், கூடவே நட்சத்திரத்தின் முனைகளும் போயிருக்கும். இந்த முத்திரைகளை எஃகு பழுக்கக் காய்ந்திருக்கும்போதே அடித்துவிடுவார்கள், அதனால் ஆழமாகத்தான் இருக்கும். ஆனாலும் நூறு வருடத் துருவுக்கு அடியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

எழுத்துகள் வந்தன. நடுவில் கிரீடம், அதன் இடப்பக்கம் ‘ஜி’, வலப்பக்கம் ‘ஆர்’. கீழே நார்ஃபோக் தெரு, 6ஆம் எண், ஷெஃபீல்டு, இங்கிலாந்து. முதல் எழுத்து அப்போது ஆண்டவரின் பெயர், ‘ஆர்’ என்பது லத்தீனில் அரசர் அல்லது அரசி. காலத்தைக் கணிக்க இதுவே போதும். விக்டோரியா காலத்துக் கத்திகளில் அந்த இடத்தில் ‘வி, ஆர்’ இருக்கும். 1901 முதல் 1910 வரை எட்வர்டுக்காக ‘இ, ஆர்’. ‘ஜி, ஆர்’ என்பது 1830க்கு முந்தைய நான்காம் ஜார்ஜையும் குறிக்கலாம், 1910க்குப் பிந்தைய ஐந்தாம் ஜார்ஜையும் குறிக்கலாம். இங்கே ‘இங்கிலாந்து’ என்ற சொல் உதவுகிறது. இறக்குமதியாகும் பொருளில் அதைச் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டத்தில் விதித்தது. அதற்குப் பிறகுதான் ஏற்றுமதிக் கத்திகளில் நாட்டின் பெயர் வழக்கமானது. ஆக, இது 1910க்குப் பிந்தையது. அலகு துருப்பிடிக்கும் பழைய கார்பன் எஃகு. ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிவிட்டார், ஆனால் சட்டைப்பைக் கத்திகளில் கார்பன் எஃகு அதற்கப்புறமும் வெகுகாலம் நீடித்தது.

அடுத்தது திறக்காத சின்ன அலகு. இங்கே அவசரப்படுகிறவர்கள் கத்தியைக் கொதிநீரில் போடுகிறார்கள். கொம்புப் பிடி உள்ள கத்திக்கு அது கூடவே கூடாது. கொம்பும் நம் நகமும் ஒரே பொருள்தான், கெரட்டின். நீர் குடித்தால் உப்பி வளையும், காயும்போது ஆணியைச் சுற்றி விரிசல் விடும். ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றில் மண்ணெண்ணெய் எடுத்து, அலகும் தகடும் சேரும் இடுக்கில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டேன். கத்தியைத் தலைகீழாக நிறுத்திவைத்து, மறுநாள் மறுபடியும் விட்டேன். வெளியே வழிந்து வந்தது துரு இல்லை, பழுப்பு நிறப் பிசின். தேங்காய் எண்ணெய்! நம் ஊரில் கிரீச்சென்றால் கதவுக் கீலானாலும் கத்தியானாலும் கைக்கு முதலில் வருவது அதுதான். புதிதாக இருக்கும்போது வழவழவென்றுதான் இருக்கும், நாளாக ஆகச் சிக்குப் பிடித்துக் கோந்தாகிவிடும். இந்தக் கத்தியின் சின்ன அலகைப் பிடித்துவைத்திருந்தது பெரும்பாலும் அந்தக் கோந்துதான். சொல்லப்போனால் அது ஒரு வகையில் நல்லதும் செய்திருக்கிறது. ஈரம் உள்ளே போகாமல் அடைத்ததால் சின்ன அலகு பெரியதைவிட நன்றாகவே இருந்தது.

பிசின் இளகியதும் நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்கவில்லை. நகம் பிய்ந்துபோகும், இல்லையென்றால் அலகு திடீரென்று திறந்து விரலை வெட்டும். பழைய பெல்ட் தோல் துண்டை மடித்து அலகின் இரு பக்கமும் பிடித்து, பக்கவாட்டில் திருகாமல் நேராக மேலே தூக்கினேன். பாதி தூரம் வந்து நின்றது. கொஞ்சம் எண்ணெய். பிறகு முழுக்க வந்து ‘டக்’ என்று உட்கார்ந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் புரிந்துவிடும். இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுக ஒரு தடித்த எஃகு ஸ்பிரிங் ஓடுகிறது. என் கத்தியில் ஒவ்வோர் அலகுக்கும் தனி ஸ்பிரிங், இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் தகடு. பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதி தட்டையான பக்கங்களோடு செதுக்கப்பட்டிருக்கும். திறக்கும்போது அதன் மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்குகிறது. மூலை தாண்டியதும் ஸ்பிரிங் தட்டையான பக்கத்தில் வந்து அறைகிறது. நல்ல கத்தியில் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு தகடுகளோடு ஒரே மட்டத்தில் நிற்கும். விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தட்டக் கூடாது. எந்திரம் வெட்டியதல்ல, ஒருவர் அரத்தால் ராவி ராவிப் பொருத்தியது. பழைய கத்தி வாங்கும்போது முத்திரைக்கு அடுத்து நான் சோதிப்பது இதைத்தான். ஸ்பிரிங் உடைந்திருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது அலகின் மேலிருக்கும் துரு. எல்லாக் கறையும் துரு அல்ல. விரலில் ஒட்டுகிற சிவப்புப் பொடி இன்னும் எஃகைத் தின்றுகொண்டிருக்கிறது, அது போக வேண்டும். சாம்பலும் நீலமும் கலந்த மங்கல் படலம் வேறு. எலுமிச்சையும் மாங்காயும் வெங்காயமும் பல வருடங்கள் வெட்டியதில் படிந்த நிறம் அது. அது எஃகை ஓரளவு காக்கவும் செய்கிறது, அதைத் தொடக் கூடாது. ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் பக்கத்தில் வரவில்லை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. மடக்குக்கத்தியின் தகட்டில் தேய்த்தால் புளிப்பு இடுக்கில் புகுந்து, நாம் மறந்த பிறகும் உள்ளே ஸ்பிரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை, நான்கு பூஜ்ய ரகத்தை, துருவின் மேல் மட்டும் லேசாக ஓட்டினேன். பிடிவாதமான புள்ளிகளுக்குச் செம்புக் கம்பியைத் தட்டையாக அடித்த ஒரு சுரண்டி. செம்பு மென்மையானது, பதப்படுத்திய எஃகில் கோடு போடாது.

சிவப்பு போன பிறகு அலகின் இரு பக்கமும் மிக மெல்லிய கோடுகள் தெரிந்தன, முதுகிலிருந்து கூரை நோக்கிக் குறுக்காக, ஒரே சீராக. கீறலோ என்று நினைத்து இதையும் பாலிஷ் போட்டு அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அது கத்தி பட்டறையை விட்டு வெளியே வந்தபோதே இருந்த சாணைக் கோடு. லென்ஸ் வைத்து அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெஃபீல்டில் ஒரு கத்தி முழுக்க ஒருவர் கையில் உருவானதில்லை. காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், கோர்த்துப் பிடி போடுபவர் இன்னொருவர். பலர் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று அழைக்கப்பட்ட சிறு கைவினைஞர்கள், வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைப் பட்டறைகளில் வேலை செய்தார்கள். இந்தத் தொழில் அந்த ஊரில் வேர் பிடித்ததற்குக் காரணங்கள் பக்கத்திலேயே இருந்தன. சக்கரம் சுழற்ற மலையிலிருந்து இறங்கும் ஆறுகள், சாணைக்கல்லுக்கு ஏற்ற மணற்பாறை, நிலக்கரி, 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்டுபிடித்த, மண்மூசையில் உருக்கி எடுக்கும் எஃகு. அதே மணற்பாறைதான் சாணை பிடித்தவர்களைக் கொன்றது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து பலர் இளம் வயதிலேயே இறந்ததை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் விடாமல் உலர்வாகச் சாணை பிடித்த முள்கரண்டித் தொழிலாளர்களின் நிலை இன்னும் கொடுமை. சாணைக் கோடுகளை அழிக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். அந்தக் கோட்டைப் போட்டவரின் பெயர் எங்கேயும் பொறிக்கப்படவில்லை.

பெரிய அலகின் ஆட்டத்தை நிறுத்துவதற்கு அலகைத் தாங்கும் ஆணியை இறுக்க வேண்டும். மலிவான கத்திகளில் ஆணியின் தலை வெளியே தெரியும். இதில் ஆணியும் ஜெர்மன் சில்வர், காப்பும் ஜெர்மன் சில்வர். இரண்டும் ஒரே நிறமாக இருப்பதால் ஒன்றாக ராவிவிட்ட பின் ஆணி எங்கே என்றே தெரியாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது, வெள்ளி துளியும் இல்லை. அலகை லேசாக ஆட்டிக்கொண்டே விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் காப்பின் மேல் முடியளவு வட்டம் ஒன்று தெரியும். அதுதான் ஆணி.

இதற்கு என் சுத்தியல் பெரிது. தெருமுனையில் நகை வேலை செய்கிற அண்ணனிடம் எடுத்துப் போனேன். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை ஒரே அடியில இறுக்க நினைக்காத. பூ மாதிரி ஓரத்துல சுத்திச் சுத்தித் தட்டு” என்று சொல்லி, தன் சின்னப் பட்டறைக்கல்லையும் உருண்டைத் தலைச் சுத்தியலையும் தந்தார். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் செருகிக்கொண்டேன். மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இதழ் அது. அது உள்ளே இருக்கும் வரை அளவுக்கு மீறி இறுக்க வழியில்லை. ஒரு பக்கக் காப்பு கல்லின் மேல், மறுபக்கம் வட்டத்தின் ஓரமாகத் தட்டு. நான்கைந்து தட்டலுக்கு ஒருமுறை நிறுத்தி அலகைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றது, இதழை உருவியதும் அலகு தன் பழைய வேகத்தில் மூடியது. காப்பில் சுத்தியல் தடம் கொஞ்சம் விழுந்தது. நுண்ணிய எமரித் தாளை அந்த இடத்தில் மட்டும் ஓட்டினேன். இந்தக் கத்தியில் எமரி தொட்ட ஒரே இடம் அதுதான்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மூடும்போது பெரிய அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் மோதியது. கூரின் நடுவில் நசுங்கிய இடம் இருந்ததால் கண்டுபிடித்தேன். அலகின் அடியில், கூர் தொடங்குவதற்கு முன், ஒரு சின்ன முட்டு இருக்கும். மூடும்போது அதுதான் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து கூரைக் காப்பாற்றும். பல்லாயிரம் முறை ‘டக்’ என்று மூடியதில் அந்த முட்டு தேய்ந்துவிட்டது. முட்டைச் சுத்தியலால் தட்டி நீட்டலாம் என்பார்கள். கடினமான எஃகு, விரிசல் விட்டால் முடிந்தது. நான் தீக்குச்சி மரத்தில் ஒரு சிம்பைச் சீவி, எண்ணெயில் ஊறவைத்து, முட்டு உட்காரும் இடத்தில் ஸ்பிரிங்கின் மேல் பதித்துவிட்டேன். தோல் துண்டு வைப்பவர்களும் உண்டு, ஆனால் பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். மரச் சிம்பு வேண்டாமென்றால் ஊசியால் எடுத்துப் போட்டுவிடலாம். எடுத்துவிடக்கூடிய ரிப்பேராக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

கொம்புக்கு அதிக வேலை இல்லை. ஒரு பக்கம் ஆணியருகே மயிரிழை விரிசல். அதற்கு மேல் இரண்டு சின்னக் குழிகள், கெரட்டின் தின்னும் வண்டின் வேலை. கம்பளித் துணியை அரிப்பதும் அதே இனம்தான். விரிசலில் தண்ணீர் போல் ஓடும் சூப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டு விட்டேன், மீண்டும் விரியாமல் இருக்க. குழிகளை நிரப்பவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை இரண்டு சொட்டு விரலால் தேய்த்ததும் கருப்புக்குள் பழுப்பு இழைகள் தெரிந்தன. இந்தியாவிலிருந்து எருமைக் கொம்பு அந்தக் காலத்தில் ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. கடமான் கொம்பும் அப்படித்தான் போனது. இன்று யானைத் தந்தமோ மான்கொம்போ போட்ட பிடி என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தைத் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். மாட்டுக்கொம்பு, எருமைக்கொம்பு, மரம், எலும்பு இவற்றிலேயே ஒரு ஆயுளுக்குப் போதுமான கத்திகள் இருக்கின்றன.

கடைசியாகக் கூர். தெருச் சாணைக்காரரிடம் இந்த அலகு பலமுறை போயிருக்கிறது. கூர் நடுவில் உள்வாங்கி, அடியில் ஆழமான கீறல்களோடு இருந்தது. இதை முழுக்க நேராக்க வேண்டுமென்றால் அலகின் அகலத்தில் கணிசமான பங்கு போய்விடும். நான் நேராக்கவில்லை. கார்போரண்டம் கல்லின் நுண்ணிய பக்கத்தில் தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 20 பாகை சாய்வில் இழுத்தேன். கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 20 பாகை வரும். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடக்கத்தில் சரிபார்த்தால் போதும், கை பழகிவிடும். ஒரு பக்கம் இழுத்ததும் மறுபக்கம் பிசிறு, அதாவது கூரின் ஓரத்தில் புரளும் மெல்லிய எஃகு, எழுகிறதா என்று விரலை முதுகிலிருந்து கூர்ப்பக்கம் வெளிநோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிசிறு எழுந்தால்தான் அடுத்த பக்கம். கடைசியில் கல்லின் மேல் நாளிதழை விரித்துச் சில முறை பின்னோக்கி இழுத்தேன். தாளைப் பிசிறில்லாமல் வெட்டியது. பழைய கார்பன் எஃகு கூர் ஏற்றுவதற்கு இவ்வளவு இணங்கிக் கொடுப்பதை முதன்முதலில் உணர்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ராட்ஜர்ஸைவிட பிரிட்டிஷ் ராணுவத்தின் மடக்குக்கத்தி நல்ல தொடக்கம் என்பேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை பலவற்றில் ஆண்டும் அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும் பொறித்திருக்கும், காலத்தைக் கணிக்கத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தடித்த அலகு, தகரடப்பா திறப்பான், சிலவற்றில் கயிற்று முடிச்சவிழ்க்கும் கூர் ஊசி. அடி தாங்கும், ரிப்பேர் கற்றுக்கொள்ள ஏற்றது. ஷெஃபீல்டின் கைத்திறன் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்டான் ஷா செய்த கத்திகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1941இல் சிறுவனாகப் பட்டறையில் சேர்ந்தவர், 2021இல் மறையும்வரை ஷெஃபீல்டின் கத்திக்காரராகவே அறியப்பட்டார்.

பாதுகாப்பது பற்றி. தோலுறையில் வைப்பதில்லை. பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். செல்லுலாய்டு பிடி போட்ட கத்திகளுக்குத் தனி டப்பா. அந்தப் பழைய பிளாஸ்டிக் சிதையத் தொடங்கினால் அமில ஆவி விடும், பக்கத்திலிருக்கும் நல்ல அலகுகளும் துருப்பிடிக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். சென்னை உப்புக்காற்றுக்கு மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து, அலகில் பாரஃபின் தடவி, இடுக்கில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மூடுகிறேன். ராட்ஜர்ஸின் சின்ன அலகின் நுனி அரை மில்லிமீட்டர் உடைந்திருக்கிறது. ராவினால் சரியாகிவிடும், ராவப் போவதில்லை.